கடல் தாண்டி மாப்பிள்ளை பார்த்தோம்

"ஆளு உசரம் எப்பிடின்னே தெரியலியே" என்று அம்மா என் காதைக் கடித்தாள்.

வள்ளம் கரையைத் தொடாமல் கொஞ்ச தூரத்திலேயே ஆடிக்கொண்டு நின்றது. எங்களுக்கு எதிரே, இடுப்பளவு தண்ணீரில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வள்ளத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மணல். மணலுக்குப் பின்னால் கள்ளிப் புதர். அதற்கும் பின்னால், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கலங்கரை விளக்கம்.

அதைப் பார்க்கத்தான் கோயமுத்தூரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, காலையில் கடலில் இறங்கி வந்திருந்தோம். ஆனால் ஒருத்தரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீருக்குக் கீழே இன்னும் எவ்வளவு ஆள் இருக்கிறார் என்பதுதான் எங்கள் கவலை.

"வாங்க, எல்லாரும் வாங்க" என்றார் அவர், காரமடையில் தன் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதைப் போல. ஒரு அலை வந்து அவர் சட்டைப் பையை நனைத்துவிட்டுப் போனது.

அவர் பெயர் ரங்கராஜ். அந்தத் தீவின் லைட்கீப்பர். எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை.

பொண்ணு உயரமுங்க

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் அப்பா கிரைண்டர் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் வீடு. கீழே மோட்டார் ஓடினால் மேலே டம்ளர் ஆடும். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கொங்குத் தமிழ். பதற்றத்தில் எது முந்திக்கொண்டு வருகிறதோ அது.

நான் ஒரே பெண். பக்கத்துத் தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தாலும் எங்கள் கணபதிக்கு இன்னும் வந்து சேராத காலம்.

எனக்கு மாப்பிள்ளை அமையவில்லை. ஜாதகம் சுத்தம். சமையல் சுமார், ஆனால் அதை யாரும் சோதிக்கவில்லை. பிரச்சினை என் உயரம்தான். அப்பாவை விட நான் உயரம். அப்பா தெருவிலேயே உயரமானவர்.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வருவார்கள். கேசரி சாப்பிடுவார்கள். பஜ்ஜி நல்லாயிருக்குது என்பார்கள். காப்பி டம்ளரோடு நான் அறைக்குள் வந்து நின்றதும் மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் தூக்குவார். தூக்கிக்கொண்டே போவார். அதற்குப் பிறகு பேச்சு விலைவாசிக்குப் போய்விடும். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார்கள்:

"ஊருக்குப் போயிக் கலந்து சொல்றோமுங்க."

அப்படியென்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரியும். சொல்பவர்களும் கேட்பவர்களும் கைகூப்பிக்கொள்வார்கள். அம்மா உள்ளே போய் மிச்சக் கேசரியை எனக்கு ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பாள். இப்படி நான் தின்ற கேசரி கொஞ்சநஞ்சம் இல்லை.

காரமடையிலிருந்து ரங்கராஜின் அப்பா அம்மா மட்டும் வந்தார்கள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார்கள். சென்ட்ரல் கவர்மெண்ட் வேலை. என்ன வேலை என்று அப்பா கேட்டார்.

"லைட்டுப் பாத்துக்கறதுங்க" என்றார் அவருடைய அப்பா.

எங்கள் அப்பா அதை எலெக்ட்ரிசிட்டி ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார். அந்த அம்மாள் என்னை அண்ணாந்து பார்த்தார். ஆனால் விலைவாசிக்குப் போகவில்லை. "பையனோட போட்டோ இருக்குதுங்க" என்று பையிலிருந்து எடுத்தார். மார்பளவுப் போட்டோ. அமைதியான முகம். காற்றில் தலைமுடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எந்த ஸ்டூடியோவில் இவ்வளவு காற்று அடிக்கும் என்று நான் யோசித்தேன்.

"பாக்காமச் சரின்னா வேண்டாமுங்க"

விஷயம் தெரிய வந்தது ஒரு போனில்.

பட்டறைக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்காரர் ஓடி வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த அப்பா மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, ஆரு?" என்றாள் அம்மா.

"மாப்பிள்ளைப் பையன். தூத்துக்குடியிலிருந்து. அவரு இருக்கறது தூத்துக்குடி இல்லியாம். கடலுக்குள்ள ஒரு தீவாம். லைட் ஹவுஸாம்."

அன்று வீட்டில் துரைமாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. சரவணம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எந்த முடிவு எடுத்தாலும் அதற்கு எதிராக முதலில் பேசுவது அவர் வேலை. அவர் வாயைத் திறக்கும் முன் அப்பா மிச்சத்தையும் சொல்லிவிட்டார்.

"பொண்ணு ஒருக்கா வந்து எடத்தைப் பாக்கோணுமாம். பாத்துப் புடிச்சாச் சரியாம். பாக்காமச் சரின்னு சொன்னா அவருக்கு வேண்டாமாம்."

"இதென்ன கூத்து?" என்று எழுந்தார் மாமா. "மாப்பிள்ளை ஊட்டை நாம போயிப் பாக்கறது மொறை. பொண்ணைக் கூட்டிட்டுப் போறது எங்க இருக்குது?"

"கடலுக்குள்ள ஊடு இருக்கறது மட்டும் எங்கடா இருக்குது?" என்றாள் அம்மா. அதோடு அந்த விவாதம் முடிந்தது.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் ஆழியாறு அணைதான். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அங்கே போய் நிற்போம். கடலைப் பார்க்கப் போகிறேன் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீ வந்து பார் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை நினைத்து நினைத்துப் போர்வைக்குள் சிரித்துக்கொண்டேன்.

கேன் நிறைய சிறுவாணி

அம்மாவுக்கு வெளியூர் என்றாலே அங்கே சாப்பாடும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. அதனால் ஒப்புட்டு (எங்கள் ஊர்ப் போளி), முறுக்கு, தூக்குப்போசி நிறைய எலுமிச்சைச் சந்தகை, இவற்றோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன் நிறைய, எங்கள் ஊர்க் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர். கேனைத் தூக்கும் பொறுப்பு துரைமாமாவுக்கு. அவர் கழுத்தில் வாடகைக்கு எடுத்த கேமராவும் தொங்கியது. பஸ்ஸில் யாரும் அவர் பக்கத்தில் உட்கார முடியவில்லை.

தூத்துக்குடிக் கரையில் எங்களுக்காகக் காத்திருந்தது சூசை அண்ணனின் வள்ளம். எஞ்சின் வைத்த பெரிய படகு. தீவுக்கு அரிசி, பருப்பு, டீசல் எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்தான். கேனைப் பார்த்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கடலுக்கே தண்ணி கொண்டு போறீங்களா?"

பிறகு படகின் நடுவில் கட்டி வைத்திருந்த நீல டிரம்களைக் காட்டினார். "சிரிக்கேன்னு நினைக்காதீங்க. நானும் அதான் கொண்டு போறேன். அங்க கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாதுல்லா."

அப்பா முகம் மாறியது. எனக்கு அது அப்போது புரியவில்லை.

வள்ளம் கிளம்பியதும் அப்பா எஞ்சின் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டார். "டைமிங் கொஞ்சம் தள்ளியிருக்குதுங்க" என்று சூசை அண்ணனிடம் சொன்னார். சொல்லி முடித்த கையோடு ஓரமாகக் குனிந்து, காலையில் குடித்த டீயைக் கடலுக்குக் கொடுத்தார். அப்புறம் கரை சேரும்வரை அவர் எஞ்சினைப் பற்றிப் பேசவில்லை. அம்மா இரண்டு கையாலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கோவிந்தா கோவிந்தா என்று தெலுங்கில் பெருமாளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. உப்புக் காற்று முகத்தில் ஒட்டியது. உதட்டை நக்கினால் கரித்தது. திடீரென்று படகுக்கு முன்னால் வெள்ளியாக ஏதோ தண்ணீரிலிருந்து எழும்பி, தண்ணீரைத் தொடாமலே பறந்து போய் மறுபடி விழுந்தது. ஒன்று, பின்னாலேயே கூட்டமாக.

"கோலா மீனு" என்றார் சூசை அண்ணன். "பறக்கும்."

"மாமா, போட்டோ! போட்டோ!" என்று கத்தினேன். மாமா எடுத்தார். பின்னால் கழுவிப் பார்த்தபோது அந்தப் படத்தில் அப்பாவின் முதுகு மட்டும் இருந்தது.

இடுப்பளவு தண்ணீர்

இப்போது அந்த இடத்துக்கே வருகிறேன். வள்ளம் ஆடுகிறது, அவர் தண்ணீரில் நிற்கிறார், அம்மா உயரத்தை அளந்துகொண்டிருக்கிறாள்.

அங்கே இறங்குவதற்குத் துறை கிடையாது. எல்லோரும் தண்ணீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும். மாமா கேனைத் தலையில் வைத்துக்கொண்டு முதலில் இறங்கினார். அப்பாவுக்குக் கரையைப் பார்த்ததே போதும், வேட்டியை மடித்துக்கட்டி ஏறக்குறைய ஓடினார். அம்மாவை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகலாமா என்று ரங்கராஜ் கேட்டார்.

"நானென்ன சாமி செலையா, தூக்கறதுக்கு?" என்று அம்மா பட்டுச்சேலையோடு குதித்துவிட்டாள். அலை வந்து மார்புவரை நனைத்தது. நான் பயந்து போனேன். அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். என் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக நான் இறங்கினேன். அவர் கயிற்றைச் சூசை அண்ணனிடம் கொடுத்துவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது, முழங்காலிலிருந்து பாதத்துக்கு. மணலில் ஏறித் திரும்பி நின்றார்.

என்னை விட நாலு விரல்கடை குள்ளம்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். நான் அடுத்து வரப்போகும் விலைவாசிக்குத் தயாராக நின்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். "மேல லென்ஸோட உச்சியைத் தொடைக்கறதுக்கு நான் ஸ்டூல் போட்டு ஏறோணுமுங்க" என்றார். "உங்களுக்கு ஸ்டூலே வேண்டியதில்லீங்க."

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் பெண் பார்க்கும் இடத்தில் பெண் சிரிக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் இது மாப்பிள்ளை பார்க்கும் இடம். அதற்குச் சட்டம் எதுவும் யாரும் போட்டு வைக்கவில்லை.

சிறுவாணி இல்லாத ஊர்

விளக்கின் அடியில் இரண்டு வீடுகள். ஒன்றில் இவர். இன்னொன்றில் இருந்த பெரியவர் காய்ச்சல் வந்து கரைக்குப் போயிருந்தார். அதனால் தீவில் இவர் மட்டும்தான்.

அம்மா நேராக அடுப்படிக்குப் போனாள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்திருந்தார். கூடவே வறுத்த அப்பளம். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். சீரகம், பூண்டு, நெய். எங்கள் வீட்டு வாசனைதான். டப்பாக்களைத் திறந்து மூடினாள். மணலைக் கூட்டிய விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டினாள். விரலில் துரு ஒட்டியது, தூசி ஒட்டவில்லை. அம்மாவின் கணக்கில் அது பாஸ்.

பிறகு ரங்கராஜ் எங்களை மேலே கூட்டிப் போனார். வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படி. உச்சியில் கண்ணாடி அறை, சுற்றிலும் துணித் திரை.

"பகல்ல தெரை போடாட்டி வெயில் இந்த லென்ஸுக்குள்ள பூந்து எதையாச்சும் கொளுத்திப்போடுமுங்க" என்றார்.

திரையை விலக்கினார். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. வளையம் வளையமாக, அடுக்கடுக்காகக் கண்ணாடி. நான் போய் நின்றதும் அதில் நூறு துண்டாகத் தெரிந்தேன், எல்லாத் துண்டும் தலைகீழாக. "பாதரசத்துல மெதக்குதுங்க. தொட்டுப் பாருங்க." ஒரு விரலால் தள்ளினேன். அத்தனை கனமும் சத்தமே இல்லாமல் திரும்பியது. அதற்கப்புறம் கையை எடுக்க மனசு வரவில்லை.

வெளியே சுற்றி ஓடும் பால்கனியில் நின்றால் நாலு பக்கமும் கடல். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம், பாறை இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு. காற்று என் பின்னலைத் தூக்கி அடித்தது. இங்கே இருக்கலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

அப்பா கீழே வந்து கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். துப்பினார். டிரம்களைப் பார்த்தார்.

"காத்து பலமா இருந்து வள்ளம் வராட்டி?"

"ரெண்டு வாரத்துக்கு வெச்சிருப்பேனுங்க. கொறைச்சுச் செலவு பண்ணிக்கறதுங்க. மழை பேஞ்சாப் புடிச்சுக்குவேனுங்க." அவர் எதையும் மறைக்கவில்லை.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். சிறுவாணியில் வளர்ந்த மனுஷன். ஊருக்கு எந்த உறவு வந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் மெதுவாகச் சொன்னார்:

"சரிங்க தம்பி. ஊருக்குப் போயிக் கலந்து சொல்றோமுங்க."

 எத்தனையோ தடவை கேட்ட வாக்கியம். எங்கள் வீட்டு ஆள் வாயிலிருந்து அது வந்து கேட்டதில்லை. ரங்கராஜ் காரமடைக்காரர், அர்த்தம் தெரியாதவர் இல்லை.

"ஆகட்டுங்க" என்று கைகூப்பினார். "சாப்புட்டுப் போங்க."

எல்லோருக்கும் அவரே பரிமாறினார். அம்மாவின் ஒப்புட்டை எடுத்து ஒவ்வொருவர் தட்டிலும் வைத்தார். என் தட்டில் வைக்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கும்மி

கிளம்பலாம் என்று கரைக்கு வந்தால் சூசை அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை.

"கச்சான் எந்திரிச்சிட்டு. மேக்கு காத்து. இனி காலையிலதான்."

அப்பா ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொன்ன வீட்டிலேயே தங்குவதைப் போல ஒரு சங்கடம் உலகத்தில் கிடையாது.

பொழுது சாய்ந்தது. ரங்கராஜ் மேலே போய் விளக்கைப் போட்டார். நாங்கள் கீழே மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சக் கை ஒன்று நீண்டு, கடலைத் தடவி, சுற்றி வந்தது. இரண்டு சுற்று, மூன்று சுற்று. அம்மா "ஆ" என்றாள். அப்புறம் அது நின்றுவிட்டது. வெளிச்சம் ஒரே பக்கமாகக் கள்ளிப் புதரின் மேல் விழுந்து கிடந்தது.

அப்பா எழுந்து மூக்கை உறிஞ்சினார். இவ்வளவு காற்றிலும், அவ்வளவு கீழே நின்றும், எப்படித்தான் தெரிந்ததோ. "மோட்டார்க் காயில் புகையுது" என்று சொல்லிக்கொண்டே படியேறினார். காலையில் படகில் வாந்தி எடுத்தவர் ஒரே மூச்சில் ஏறினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

லென்ஸைச் சுற்றும் மோட்டார் எரிந்து போயிருந்தது. அப்பா மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "கம்பி இருந்தா இப்பவே சுத்திக் குடுத்துருவேன். இங்க எங்க போறது?"

"வேற மோட்டார் கரையிலதானுங்க இருக்குது. வயர்லெஸ்ல சொல்லிப்போட்டேன், நாளைக்குக் குடுத்தனுப்பறாங்க" என்றார் ரங்கராஜ். அதற்குள் அவர் கியரைக் கழற்றிவிட்டு, கூண்டின் சட்டத்தைக் கையால் தள்ளத் தொடங்கியிருந்தார். ஒரு கண் கைக்கடிகாரத்தில். "இது ஒரே வேகத்துல சுத்தோணுமுங்க. எத்தனை நேரத்துக்கு ஒருக்கா மின்னுதுங்கறதை வெச்சுத்தான் கப்பல்காரங்க இது எந்த லைட்டுன்னு கண்டுக்குவாங்க. வேகம் மாறிச்சுன்னா வேற ஊருன்னு நெனச்சு பாறையில ஏறிப்போடுவாங்க."

"எம்புட்டு நேரம்?" என்றார் மாமா.

"விடியறவரைக்குமுங்க."

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுத்த பக்கம் போய்ச் சட்டத்தைப் பிடித்தார்.

தள்ளுவது லேசு. ஒரே வேகத்தில் தள்ளுவதுதான் கஷ்டம். அப்பா வேகமாகத் தள்ளினார். மாமா தூங்கி வழிந்தார். ரங்கராஜ் பணிவாக "சித்த மெதுவாங்க", "சித்த வெரசாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அம்மா ஓரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "ஏனுங்க தம்பி, நீங்க சரியாச் சுத்தறபோது ஒருக்காச் சொல்லுங்க" என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றி, "இதானுங்க" என்றார். அம்மா தன் உள்ளங்கையைத் தட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு தரம் தட்டினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்துவிட்டாள்.

அம்மா நோம்பிக்கு நோம்பி, ஊர்த் திருவிழா தவறாமல், கோயில் வாசலில் கும்மி அடித்தவள். அந்த வட்டத்தில் எத்தனை பெண்கள் இருந்தாலும் அடி பிசகாது. அன்றைக்கு அந்தக் கண்ணாடி அறையில் அம்மா கும்மிப் பாட்டெடுத்தாள். கைதட்டினாள். அடிக்கு அடி கால் வைத்து நாங்கள் கூண்டைச் சுற்றி நடந்தோம். அப்பா, நான், மாமா, ரங்கராஜ், சத்தம் கேட்டு ஏறி வந்த சூசை அண்ணன். லென்ஸும் எங்களோடு நடந்தது. வெளியே கடலின் மேல் வெளிச்சம் அம்மாவின் பாட்டுக்குச் சுற்றியது.

ரங்கராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "அச்சாச் சரியா இருக்குதுங்க!" என்று கத்தினார். அதுவரை மெதுவாகவே பேசிய மனுஷன்.

அப்பா சிரித்தார் பாருங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஏண்டி, கப்பல்காரனுக்குத் தெரியுமா, கணபதிக்காரி கும்மிக்குத்தான் அவன் போறான்னு?"

தொலைவில் ஒரு கப்பலின் சின்ன விளக்கு மெல்ல நகர்ந்து, பாறைப் பக்கம் வராமல், தன் வழியில் போனது.

முறை வைத்துக்கொண்டோம். ஒரு முறை நானும் அவரும். அம்மா தட்டிக்கொண்டே சுவரில் சாய்ந்திருந்தாள்.

"பாக்காமச் சரின்னா வேண்டாம்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார். "என்னை ஆரும் கேக்காமத்தான் இங்க போட்டாங்க. வந்த அன்னிக்கு அழுதேனுங்க. நெசமா. இன்னொருத்தருக்கு அப்பிடி வேண்டாம்னுதான்."

"இப்ப?"

"இப்ப ஊருக்குப் போனாத் தூக்கம் வாரதில்லீங்க. சத்தமே இல்லாம என்னமோ மாதிரி இருக்குது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் துண்டு துண்டாகச் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்துகொண்டிருந்தது.

விடிந்ததும்

சூரியன் தலையைக் காட்டியதும் அவர் விளக்கை அணைத்தார். நாங்கள் எல்லோரும் கையை உதறிக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். என் உள்ளங்கை சிவந்து கிடந்தது.

அப்பா எரிந்த மோட்டாரைத் துணியில் சுற்றினார். "கோயமுத்தூர்ல கம்பி சுத்திப் புதுசாட்டம் அனுப்பறேன் தம்பி. காசு பணமெல்லாம் வேண்டாம்."

"அது ஆபீஸுதுங்க" என்றார் ரங்கராஜ். "எழுதிக் கேக்காமக் குடுக்க முடியாதுங்க. தப்பா நெனைக்காதீங்க." இரண்டு கையையும் நீட்டித் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டார்.

துரைமாமா என்னைப் பார்த்தார், போச்சு என்பதைப் போல. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. படியிறங்கும்போது எனக்கு முன்னால் போனவர் பாதியில் நின்று திரும்பினார். எத்தனை மாப்பிள்ளை வந்தும் அவர் என்னிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டார்.

"ஏங்கண்ணு. உனக்கு எப்பிடி?"

"எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா. எடமும் புடிச்சிருக்குது."

"தண்ணி கஷ்டமாச்சே சாமி."

"தெரியுமுங்கப்பா. பாத்துட்டுத்தானே சொல்றேன்."

அப்பா என் தலையில் கை வைத்தார். கீழே ஒரு படியில் நின்றிருந்ததால் கையைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்க வேண்டியிருந்தது. பிறகு விடுவிடுவென்று இறங்கிப் போய், முன்பே கீழே போயிருந்த ரங்கராஜிடம் என்ன சொன்னாரோ தெரியாது. நான் கீழே வந்தபோது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இரண்டு பேருக்கும் விடத் தெரியவில்லை.

அடுத்த தையில் காரமடையில் கல்யாணம் நடந்தது. மணவறையில் நான் கொஞ்சமும் கூனிக்கொள்ளவில்லை.

தீவிலிருந்து நாங்கள் கிளம்பிய அன்று காலை கடல் எண்ணெய் ஊற்றியதைப் போலக் கிடந்தது. ரங்கராஜ் மறுபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தைத் தள்ளிவிட்டார். எஞ்சின் கிளம்பியது. முந்தின நாள் கண்ணை மூடிக்கொண்டு வந்த அம்மா இப்போது படகில் எழுந்து நின்றுகொண்டு கத்தினாள்: பருப்பு டப்பாவில் வரமிளகாய் போட்டு வைக்கச் சொன்னாள், வெயிலில் வெறுந்தலையோடு நிற்க வேண்டாம் என்றாள், ஒப்புட்டு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்றாள். அவர் தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அவரும் ஏதோ கத்தினார். காற்றில் எங்களுக்குக் கேட்கவில்லை.

"என்னமோ சொல்றாரே" என்று அம்மா தவித்தாள். "சூசை, என்னுங்க சொல்றாரு?"

அதுவரை ரங்கராஜ் அம்மாவை 'அம்மாங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சூசை அண்ணன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்டார். சிரித்தார்.

"'அத்தைங்க, உக்காருங்க, விழுந்துருவீங்க'ன்னு சொல்லுதாரு."

அம்மா சட்டென்று உட்கார்ந்தாள். அப்பா சொல்லி, மாமா சொல்லி, நான் சொல்லி உட்காராதவள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல உப்புக்காத்து" என்றாள்.